சுமை தயார்

ஸ்ட்ரெச்சரில் கிடக்க நான் வேண்டுமாம். அதே ஸ்ட்ரெச்சரைத் தூக்க நான் வேண்டாமாம். எங்கள் ஊர் மலை மீட்புக் குழு என்னைப் பற்றி எடுத்த முடிவு இதுதான். கேட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என் தம்பி சொல்வான், "அக்காவுக்குக் கடவுள் மூக்கு வச்சதே கோபம் உட்காரத்தான்" என்று.

என் வேலை வீடு வீடாக கேஸ் சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுவது. வண்டியிலிருந்து இறக்கி, தோளில் சாய்த்து, லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் படியேறி, சமையலறையில் வைத்து, ரெகுலேட்டர் மாட்டி, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவேன். பார்க்க நான் ஊதினால் பறந்துவிடுகிற மாதிரிதான் இருப்பேன். கதவைத் திறப்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் எனக்குப் பின்னால் படியை எட்டிப் பார்ப்பார்கள், தூக்கிவரும் ஆம்பளை எங்கே என்று. "வந்தது நான்தாங்க, வழி விடுங்க" என்பேன். தெருவில் எனக்குச் சிலிண்டர் என்றே பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை. வெடித்துவிடுமோ என்ற பயம் நாலு பேருக்கு இருந்தால் நல்லதுதான்.

இப்படிப்பட்டவளுக்கு மலை மீட்பில் என்ன வேலை என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அவர் வெளியூர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். பாதிக் குடும்பத்தைப் போனில்தான் நடத்துகிறார். "நாள் பூரா படி ஏறுறது பத்தலையா? லீவு நாள்ல மலை வேற ஏறணுமா?" என்றார். அவருக்குச் சொன்ன காரணத்தையே இங்கும் சொல்கிறேன். காரணம் என் தம்பி.

தம்பி எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். முன்னறையில் மேஜை போட்டுக்கொண்டு, மின்விசிறி, மிக்ஸி, தையல் மெஷின், எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பழுது பார்ப்பான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு விடுமுறை நாளில் நண்பர்களோடு ஊருக்குப் பின்னாலிருக்கும் மலைக்குப் போனவன், மேல் வளைவில் ஈரப்பாறையில் சறுக்கிக் கீழே போய்விட்டான். இடுப்பும் ஒரு காலும் உடைந்தன. மீட்புக் குழுதான் போய்க் கொண்டுவந்தது. உயிரோடு கொண்டுவந்தார்கள், அதற்கு அவர்களை என்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் உடம்பு தேறி, ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த பிறகும் அவன் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. திறந்தால் மலை தெரியும் என்று முன்னறை சன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பான். விழுந்த பயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மிக்ஸி ஒன்றைத் திருகிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போல அவன் சொன்னான்.

"விழுந்ததுகூட பரவாயில்லக்கா. கொண்டு வந்தாங்க பாரு, அதுதான். கட்டிப் போட்டுட்டாங்க, கழுத்தைத் திருப்ப முடியல. வானம் மட்டும்தான் தெரியுது. சுத்தி நின்னுட்டு 'சுமை தயார், சுமை இறக்கு'ன்னு கத்துறாங்க. எங்கண்ணா போறோம்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடியும் கேட்டேன். ஒருத்தரும் என்கிட்ட பேசல. சரி, செத்துட்டோம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். செத்தவன் கேட்டாத்தானே யாரும் பதில் சொல்ல மாட்டாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழுவுக்குப் புதிதாகத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகப் போய் விண்ணப்பித்தேன். இனிமேல் அந்த மலையிலிருந்து யாரைத் தூக்கி வந்தாலும் தலைமாட்டுக் கைப்பிடியை நான் பிடிப்பேன். இறங்குகிற வரைக்கும் அந்த ஆளோடு பேசிக்கொண்டே வருவேன். என் ஆசை இவ்வளவுதான். வேறு பதவியோ மாலையோ நான் கேட்கவில்லை.

குழுவின் தலைவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். எந்தப் பட்டாளத்துக்கும் எந்தக் கப்பலுக்கும் அவர் கேப்டனாக இருந்ததில்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழையிலும் வெயிலிலும் காசு வாங்காமல் மலையேறிப் போய் மனிதர்களைக் கொண்டுவருகிறவரை எப்படிக் கெட்டவர் என்பது? ஆனால் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலப் பேசுவார். ஏற்றினதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஊர்ப் பொது மண்டபத்தின் பின்னறையில் நேர்காணல் நடந்தது. சுவரெல்லாம் கயிற்றுச் சுருள்கள், ஹெல்மெட்டுகள், ஈரம் காயாத பூட்ஸ் நாற்றம். என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற இளைஞன். அவன் தோளே கதவை அடைக்கும். இன்னொருவர் பல் டாக்டர். கேப்டன் இளைஞனிடம் எவ்வளவு எடை தூக்குவாய் என்று கேட்டார். பல் டாக்டரிடம் உயரம் என்றால் தலை சுற்றுமா என்று கேட்டார். என்னிடம், "வீட்டுல சம்மதம் வாங்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"அவங்க ரெண்டு பேரும் வாங்கிட்டாங்களா சார்?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒரு அக்கறையில கேக்குறது."

அக்கறையாம். இந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு என் வாழ்நாளில் எத்தனை கதவுகளை என் முகத்துக்கு நேரே சாத்தியிருக்கிறார்கள்! இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். காரியம் பெரிதா, வீரியம் பெரிதா? சில ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி கொடுப்போம், அதில் தேறுகிறவர்களைச் சேர்த்துக்கொள்வோம் என்றார். தேறிக் காட்டலாம் என்று கிளம்பிவந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரெச்சர் பயிற்சி. குழுவில் மணல் அடைத்த பொம்மை ஒன்று இருந்தது. அதைத்தான் நோயாளியாகக் கட்டித் தூக்குவார்கள். அன்றைக்கென்று அதன் அக்குள் தையல் விட்டுப்போய், தூக்கின இடமெல்லாம் மணல் கொட்டியது. கேப்டன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"நீங்கதாம்மா லேசா இருக்கீங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..."

ஒரு நாள்தானே என்று கிடந்தேன். நெஞ்சிலும் தொடையிலும் பெல்ட்டை இழுத்துக் கட்டினார்கள். கேப்டன் குரல் கொடுத்தார், "சுமை தயாரா?" நாலு மூலையிலிருந்தும் பதில் வந்தது, முன் வலது தயார், முன் இடது தயார், பின் வலது தயார், பின் இடது தயார் என்று. இதுதான் அந்தக் குழுவின் முறை. தூக்குகிற ஒவ்வொருவரும் தயாரா என்று கேட்டு, ஒவ்வொருவரும் சொன்ன பிறகுதான் ஸ்ட்ரெச்சர் தரையைவிட்டு எழும்பும். நல்ல முறைதான், தப்பே சொல்ல முடியாது. நடுவில் கிடக்கிறவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

தூக்கியதும் எனக்குத் தம்பி சொன்னது அத்தனையும் கண்முன் வந்தது. வானம் மட்டும்தான் தெரிகிறது. சரிவில் கால் பக்கம் திடீரென்று தாழும்போது குடல் தொண்டைக்கு வருகிறது. கை கட்டுக்குள் இருப்பதால் எதையும் பிடிக்க முடியாது. "கொஞ்சம் மெதுவா போங்களேன்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. "சுமை இடது பக்கம் சாயுது" என்று கேப்டன் அவர்களிடம் சொன்னார்.

அந்தப் பொம்மையை அன்றே வீட்டுக்கு எடுத்துவந்தேன். தம்பி கனமான நூல் போட்டு, இரட்டைத் தையலாக அடித்து, மணலை நிரப்பிக் கொடுத்தான். அடுத்த வாரம் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஒரு முழு ஆள் எடை இருக்கிற பொம்மையைத் தனியாகச் சுமந்துகொண்டு அவர்கள் எதிரிலேயே வந்தேன். ஒருவர் கண்ணிலாவது அது பட்டதா? "ரொம்ப நன்றிம்மா, அந்த மூலையில வச்சிடுங்க. நிஜ ஆள் இருந்தாத்தான் பயிற்சி நல்லா வருது" என்றார் கேப்டன். பொம்மை மூலையில் சாய்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது. நான் மறுபடியும் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன்.

அதற்குப் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சும்மாவா? "இன்னைக்காவது நான் தூக்குறேன் சார்" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டேன். "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்பார். அடுத்த வாரம் மழை வரும். இல்லாவிட்டால் கயிறு முடிச்சுப் பாடம் நீண்டுவிடும். உடற்பயிற்சிக்கூட இளைஞன் மனதார என்னைப் பாராட்டினான். "அக்கா, உங்களைத் தூக்குனா தூக்குன மாதிரியே இல்ல. சூப்பர்!" என்றான். பாவம், அவனுக்கு அது பாராட்டு. பல் டாக்டர் விரல்களுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்று இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு வருவார். அந்தக் கையுறை வழுக்கி வழியில் என்னை ஒருமுறை நழுவவிட்டார். "ஸாரி, ஸாரி" என்று பதறினார், பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்தவரிடம்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, தேறியவர்களின் பெயர்களைக் கேப்டன் வாசித்தார். இளைஞன் தேறினான், சரி. பல் டாக்டரும் தேறினார். என்னைத் தவிர எல்லோரும் தேறினார்கள். வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டி, "பயிற்சி முழுக்க நோயாளியா இருந்து ஒத்துழைப்புக் கொடுத்த நம்ம சகோதரிக்கு எல்லாரும் ஒரு பெரிய கைதட்டு கொடுங்க" என்றார். கொடுத்தார்கள்.

கைதட்டு அடங்குவதற்குள் எழுந்து நின்றேன். "என்னை ஏன் சார் எடுக்கலை?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க ஸ்ட்ரெச்சர் தூக்கினதே இல்லையே. தூக்கின அனுபவம் இல்லாதவங்களை எடுக்கக்கூடாதுன்னு கமிட்டியில விதி இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

காலைக் கட்டிப் போட்டுவிட்டு உனக்கு ஓடத் தெரியவில்லை என்று சொன்னால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? என்னைத் தூக்க விடாதவரும் அவர்தான், தூக்கவில்லை என்று சொன்னவரும் அவர்தான். அழுதுவிட்டால் "பெண்பிள்ளைகள் மனசு லேசானது" என்று அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்வார்களே என்று, வாயை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரமே கேப்டன் வீட்டிலிருந்து சிலிண்டர் கேட்டுப் பதிவு வந்தது. மூன்றாவது மாடி. லிஃப்ட்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானேதான் போனேன். வழக்கமாக நடு மாடியில் ஒருமுறை இறக்கி மூச்சு வாங்குவேன். அன்றைக்கு இறக்கவில்லை. கோபத்துக்கு இப்படி ஒரு பலம் உண்டு.

கேப்டன்தான் கதவைத் திறந்தார். "வாங்கம்மா, வாங்க. நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை மாவட்ட அதிகாரி வர்றார். நம்ம குழு வேலை செய்யறதை நேர்ல பாக்கணுமாம். அன்னைக்கு மட்டும் நீங்க பேஷண்ட்டா வந்துட்டீங்கன்னா நல்லாருக்கும். பசங்களுக்கு உங்க எடை பழகிடுச்சு பாருங்க."

சிலிண்டர் இன்னும் என் தோளில்தான் இருந்தது. அதை மெதுவாக இறக்கி, அவர் வீட்டு முன்னறையின் நடுவில், நல்ல விரிப்பின்மேலேயே நிறுத்தினேன்.

"சார், இதை யார் தூக்கிட்டு வந்தா?"

"நீங்கதாம்மா."

"லிஃப்ட் ஓடுதா?"

"இல்ல... ரிப்பேர்."

"உங்க வீட்டு அடுப்பு எரியறதுக்கு என் அனுபவம் போதுது. மலைக்குப் போனா மட்டும் போதலையா சார்?"

"அது வேற, இது வேறம்மா. இது உயிரில்லாத பொருள். அங்க தூக்கறது ஒரு உயிரை."

"உயிர்னா அப்புறம் ஏன் சார் சுமைங்கிறீங்க?"

"அது... பல வருஷமா இருக்கற நடைமுறை வார்த்தைம்மா" என்றார். சிலிண்டரை உள்ளே கொண்டுபோய் வைத்து, ரெகுலேட்டரை மாட்டி, கசிவு பார்த்தேன். கோபம் வேறு, வேலை வேறு. "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

இதைக் கேட்டதும் தம்பி கையிலிருந்த திருப்புளியை மேஜையில் போட்டான். "உனக்கு ரோஷம் இருக்கா இல்லையாக்கா? கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு, பொம்மையா வந்து கிடன்னு கூப்பிடுறாங்க. நீயும் போறேங்கிற."

"அந்த ஸ்ட்ரெச்சர் கிட்ட போக எனக்கு வேற வழி வச்சிருக்காங்களாடா? போய்த்தான் பாக்கணும். நீயும் வா."

"மலைக்கா? என்னை விடு."

"மலைக்கு வர வேணாம். அடிவாரத்துல வண்டிக்குள்ள உக்காந்துக்க. என்னை எப்படிக் கொண்டு வர்றாங்கன்னு நீ ஒருத்தன் பாத்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலிண்டர் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுக்கொண்டான். நான் வற்புறுத்தவில்லை.

கீழ்ச்சரிவின் உச்சியில் கூட்டம் கூடியிருந்தது. மாவட்ட அதிகாரி குடையும் கையுமாக நின்றார். வயதானவர், எதற்கும் சிரிக்கிற முகம். கேப்டன் கையில் ஒலிபெருக்கி இருந்தது. என்னைக் கிடத்தி, பெல்ட்டுகளை மாட்டினார்கள். நெஞ்சுப் பெல்ட்டை வழக்கம்போல மூச்சு முட்ட இழுத்தார்கள். என் தலைக்கு மேல் வானம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கேப்டன் ஒலிபெருக்கியில் ஆரம்பித்தார். "நம்ம குழுவுல பெண்களுக்கும் சம வாய்ப்பு உண்டுங்கறதைப் பெருமையோட சொல்லிக்கறேன். இதோ, இன்னைக்குக்கூட ஒரு சகோதரி தானா முன்வந்து..."

சம வாய்ப்பு! என் கை தானாகக் கட்டிலிருந்து உருவிக்கொண்டு நெஞ்சுப் பெல்ட்டுக்குப் போனது. அத்தனை வாரம் அதற்குள் கிடந்தவளுக்கு அதன் கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியாதா? டக்கென்று கழற்றினேன். தொடைப் பெல்ட்டையும் கழற்றினேன். ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி நின்று, உடையில் ஒட்டிய தூசியைத் தட்டினேன்.

"எனக்குக் குணமாயிடுச்சு சார்" என்றேன்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "நல்லதா போச்சு! அப்ப இப்ப யாரைத் தூக்குவாங்க?"

"கேப்டன் சாரைத் தூக்கலாங்க. அவர்தான் இத்தனை வருஷமா எல்லாரையும் தூக்க வச்சவர். ஒரு தடவை அவரும் வந்து பாக்கட்டும். தூக்க நான் இருக்கேன்."

"அட, இது நல்லாருக்கே! வாங்க கேப்டன், நீங்களே வாங்க" என்று அதிகாரி கையைத் தட்டினார். உரலுக்குள் தலையை விட்டாயிற்று, உலக்கைக்குப் பயந்து என்ன செய்வது? கேப்டன் ஒலிபெருக்கியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்து, கடைசியில் கீழே வைத்தார். பின் இடது மூலையில் நின்ற பல் டாக்டர், நான் கேட்பதற்கு முன்பே கையுறையைக் கழற்றிக்கொண்டு விலகி நின்றார். தலைமாட்டில் அந்த இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

பெல்ட்டுகளை நானே கட்டினேன். நெஞ்சில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு விட்டுத்தான் கட்டினேன். எனக்கு யாரும் அப்படிக் கட்டியதில்லை. முன் வலது பக்கம் நின்ற இளைஞன் குரல் கொடுத்தான், "சுமை தயாரா?" மற்றவர்கள் பதில் சொன்னார்கள். என் முறை வந்தது.

"பின் இடது தயார். இருங்க, இன்னும் தூக்காதீங்க. சார், நீங்க தயாரா?"

கேப்டன் கீழிருந்து என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க சார்."

"தயார்" என்றார். ஒலிபெருக்கி இல்லாமல் அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

தூக்கினோம். கேப்டன் நல்ல கனம். ஆனால் கனம் எனக்குப் புதிதில்லை. கனத்தை முதுகில் விடாமல் காலில் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் பேச ஆரம்பித்தேன். "இப்ப கிளம்பிட்டோம் சார். கீழ கார் நிக்கற இடம் வரைக்கும் போறோம். இங்க ஒரு இறக்கம் வருது, உங்க கால் பக்கம் தாழும், நாங்க பிடிச்சிருக்கோம். தாழ்ந்துடுச்சு. இனிமே கொஞ்ச தூரம் சமம்தான்." எனக்கு யாரும் சொல்லாததை எல்லாம், தம்பிக்கு யாரும் சொல்லாததை எல்லாம், ஒன்றுவிடாமல் சொன்னேன். கோபத்தோடுதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

பாறைக்குப் பக்கத்தில் முன்னால் போன ஒருவரின் கால் சற்றே வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. கேப்டன் கண்களை இறுக மூடிக்கொண்டார். கட்டுக்குள் இருந்த அவர் விரல்கள் துணியைச் சுரண்டின. நான் பாரத்தை வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்து நின்றதில், பேச்சு நின்றுபோயிற்று.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றார் கேப்டன், கண்ணைத் திறக்காமலே. "பேசிட்டே வாங்க."

கீழே வந்து இறக்கியதும் அதிகாரி குடையை மடக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பிரமாதம் கேப்டன்! தலைவரே நோயாளியா வந்து காட்டறது புது யோசனை. இதை நாலு பேருக்குச் சொல்லணும். இந்தம்மா எத்தனை வருஷமா உங்க குழுவில இருக்காங்க?"

பாராட்டும் அவருக்கே போய்ச் சேர்ந்தது, பாருங்கள்! கேப்டன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "இவங்க நம்ம குழுவுக்கு ஒரு பெரிய..." என்று பூசி மெழுக ஆரம்பித்தார்.

"நான் குழுவுலயே இல்லைங்க" என்றேன். "தூக்கின அனுபவம் இல்லைன்னு என்னைக் கழிச்சுட்டாங்க. கிடக்கத்தான் கூப்பிட்டாங்க, வந்தேன்."

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தரையைப் பார்த்தார். "கமிட்டியில மறுபடியும் பேசலாம்மா" என்றார்.

"பேசுங்க சார். பேசும்போது, நடுவழியில 'பேசிட்டே வாங்க'ன்னு கேட்டீங்களே, அதையும் சேத்துச் சொல்லுங்க. என் தம்பியும் இதே ஸ்ட்ரெச்சர்ல கிடந்து கேட்டான். நீங்க கேட்டதுக்கு நான் பேசினேன். அவன் கேட்டதுக்கு ஒருத்தரும் பேசலை."

"எந்தத் தம்பி?"

அதுவும் தெரியாது அவருக்கு! நான் வண்டியைக் காட்டினேன். கேப்டன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தனியாக நடந்து வண்டிக்குப் போனார். தம்பி கண்ணாடியை இறக்குவது தெரிந்தது. அவர் குனிந்து ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கயிறுகளைச் சுருட்டப் போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் தம்பியைக் கேட்டேன். "என்னடா சொன்னார்?"

"'எங்கண்ணா போறோம்னு கேட்டது நீதானாப்பா'ன்னு கேட்டார். ஆமான்னேன்."

வண்டியின் பிரேக்கை மிதித்தேன். ஓரமாக நிறுத்தினேன். "அப்ப காதுல விழுந்திருக்கு! விழுந்தும் பேசலையா அந்த மனுஷன்?"

"விழுந்துச்சாம். என் காலு போயிடுமோன்னு அவருக்கே பயமா இருந்துச்சாம். என்ன சொல்றதுன்னு தெரியாம வாயை மூடிட்டாராம். அன்னைலேருந்து மனசுல இருக்குன்னார்."

மனசில் வைத்துக்கொண்டாராம்! இவன் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அவர் மனசில் வைத்துக்கொண்டிருந்தாராம். "போறோம்பா, வீட்டுக்குத்தான் போறோம்" என்று சொல்ல என்ன பெரிய படிப்பு வேண்டும்? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். தம்பி என் கையைப் பிடித்தான்.

"விடுக்கா. அப்ப நான் செத்துடல, சத்தமாத்தான் கேட்டிருக்கேன்" என்றான். அதை அவன் இரண்டு தரம் சொன்னான். முகம் என்னவோ போல் இருந்தது. நான் வண்டியைத் திருப்பவில்லை.

நாலு நாள் கழித்துக் கேப்டன் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை பயிற்சிக்கு வந்துடுங்கம்மா. பின் இடது உங்க இடம்."

"நோயாளி யாரு சார்?"

"இனிமே முறை வச்சுக்கலாம்னு கமிட்டியில முடிவு. எல்லாரும் ஒவ்வொரு வாரம். முதல்ல நான்தான்."

"தயாரான்னு கேப்பீங்களா?"

"கேப்போம்மா" என்றார். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குச் சேர வேண்டியதைக் கொடுத்ததற்கு நன்றி ஒரு கேடா? சரி என்று வைத்துவிட்டேன்.

மேஜைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தம்பி, ஒரு திருகை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னான், "இந்த வாரம் அவர் வேணாம்னு சொல்லு. நான் வர்றேன்."

"எதுக்கு?"

"ஒரு தடவையாவது ஒழுங்கா இறங்கணும்க்கா."

மேல் வளைவுக்கு அவனை ஏற்றிக்கொண்டு போகவே காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. ஒரு பக்கம் ஊன்றுகோல், மறுபக்கம் அந்த இளைஞனின் தோள். சறுக்கின பாறையை ஒருமுறை பார்த்தான். ஸ்ட்ரெச்சரில் அவனே போய்ப் படுத்தான். நெஞ்சுப் பெல்ட்டை இரண்டு விரல் விட்டுக் கட்டினேன். முன் இடது மூலையைக் கேப்டன் பிடித்தார். நாலு மூலையும் தயார் சொன்ன பிறகு, அவர் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, நீ தயாரா?" என்றார்.

"தயார்ண்ணா" என்றான்.

சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தின நாளே நான் யோசித்து வைத்திருந்தேன். எந்த இடத்தில் இறக்கம் வரும், எங்கே மரநிழல் வரும், எங்கிருந்து பார்த்தால் நம் வீட்டுக் கூரை தெரியும், எல்லாம். ஒன்றையும் சொல்லவில்லை. அடிவாரம் வருகிற வரைக்கும் அவனே பேசிக்கொண்டு வந்தான், எனக்கு ஒரு வார்த்தைக்கு இடம் கொடுக்கவில்லை.